செயலாளருக்குக் காய்ச்சல் வந்தாலும் சங்கம் நடக்க வேண்டும்: தலைமையைப் பகிர்ந்துகொள்ளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் சங்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. வியாசர்பாடியில் கால்பந்துக் குழு, புளியந்தோப்பில் மாலை நேரப் படிப்பு மையம், தண்டையார்பேட்டையில் குடியிருப்போர் நலச் சங்கம், காசிமேட்டில் மீனவர் சங்கம், திருவொற்றியூரில் மகளிர் சுயஉதவிக் குழு என்று தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு பெயர்ப்பலகை தொங்கும். பலகையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்கள் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் வேலை செய்பவர் ஒருவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் சங்கமும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

அப்படியொரு சங்கத்தில் அண்மையில் சேர்ந்தவர்களுக்கும், நாலைந்து பேராகக் கூடிப் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சிறிய தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களுக்கும் பொருந்தும்.

தலைமை என்பது பலர் சேர்ந்து செய்யும் ஒரு வேலை என்று மேலாண்மை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கிரெய்க் பியர்ஸ், ஜே காங்கர் இருவரும் 2003-இல் இதை வரையறுத்தபோது, குறிக்கோளை அடையக் குழுவினர் ஒருவரை ஒருவர் வழிநடத்திக்கொள்வது என்றார்கள். அந்த வழிநடத்தல் மேலே இருப்பவரிடமிருந்து மட்டும் வராது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும் கீழே இருப்பவரிடமிருந்தும் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் சங்கங்களில் இது பெரும்பாலும் 'எல்லோரும் சேர்ந்து உழையுங்கள், முடிவை நான் சொல்கிறேன்' என்று வந்து நிற்கிறது. அங்கே பகிரப்பட்டது சுமை மட்டும்தான். முடிவெடுக்கும் உரிமை கைமாறாதவரை தலைமை பகிரப்படவில்லை என்பது என் கட்சி. அந்த உரிமையைச் சண்டையில்லாமல் கைமாற்றும் வழிகள்தான் கீழே வருகின்றன.

முதல் மாதம்: பதவி வேண்டாம், நோட்டு போதும்

புதிதாகச் சேர்ந்தவுடன் உங்களுக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கட்டிவிடத்தான் பார்ப்பார்கள். படித்தவர், கணினி தெரிந்தவர் என்றால் 'இணைச் செயலாளர்' பட்டம் உடனே கிடைக்கும். முதல் மாதம் அதை ஏற்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, சங்கத்தில் நடக்கும் ஒவ்வொரு முடிவையும் யார் எடுத்தார் என்று குறித்து வாருங்கள்.

மாலைப் படிப்பு மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். யார் பூட்டைத் திறக்கிறார்? கணக்கு ஆசிரியர் வராத நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை என்ன செய்வது என்று யார் சொல்கிறார்? நோட்டுப் புத்தகம் கொடுக்க முன்வரும் வியாபாரியிடம் யார் பேசுகிறார்? வட்ட கவுன்சிலரைப் பார்க்க யார் போகிறார்? ஆண்டு விழாவுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது யார்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய பையனின் அம்மாவிடம் போய்ப் பேசுவது யார்? இவற்றில் பெரும்பாலானவை எந்தப் பதவியின் பெயரிலும் எழுதப்பட்டிருக்காது. கடைசியில் சொன்ன வேலையைப் பெரும்பாலும் பலகையில் பெயரே இல்லாத ஓர் அக்கா செய்துகொண்டிருப்பார். அவரும் ஒரு தலைவர்தான்.

கேட்கும் விதம் முக்கியம். "இங்கே யார் முடிவெடுக்கிறார்கள்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும். "அண்ணா, வாடகை நாற்காலி வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். அதே விஷயம்தான், ஆனால் பதில் வரும். மூன்று பேரிடம் கேட்டு மூன்று வேறு பெயர்கள் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழப்பம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிற்பாடு வேலை இருக்கிறது.

முடிவுகளைத் தரம் பிரித்தல்

மாதக் கடைசியில் உங்கள் நோட்டில் இருபது முப்பது முடிவுகள் சேர்ந்திருக்கும். அவற்றை நிர்வாகக் குழுவின் முன் வைத்து நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியது, செய்துவிட்டுச் சொன்னால் போதுமானது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்ட பிறகு அவரே முடிவு செய்வது, எல்லோரும் கூடி முடிவு செய்ய வேண்டியது.

பணத்தில் தொடங்கினால் எளிது. உதாரணமாக, 500 ரூபாய் வரை அந்தந்த வேலையின் பொறுப்பாளரே செலவழிக்கலாம், ரசீது வைத்தால் போதும். 3,000 வரை பொருளாளரிடம் கேட்க வேண்டும். அதற்கு மேல் கூட்டம். இந்த எண்களை உங்கள் சங்கத்தின் வரவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரம்பை வெட்கப்படும் அளவுக்குக் குறைத்துவிட வேண்டாம். ஐம்பது ரூபாய் சாக்பீஸ் டப்பாவுக்குச் செயலாளரைப் போனில் தேட வேண்டியிருந்தால் அந்த ஆசிரியர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார். நிற்கும்போது காரணமும் சொல்ல மாட்டார்.

நான்காவது பிரிவில் மிகக் குறைவாகவே போடுங்கள். இடம் மாறுவது, புதிதாக ஆளை எடுப்பது அல்லது நீக்குவது, வெளியாரிடம் பெரிய நன்கொடை வாங்குவது, அரசியல் கட்சி மேடையில் சங்கத்தின் பெயரைச் சேர்ப்பது. இந்த ஊரில் கடைசியாகச் சொன்னது தேர்தலுக்குத் தேர்தல் வரும். எல்லோரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் செயலாளர் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்.

சாவி, கையெழுத்து, போன் எண்

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிய விதிமுறைப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். சாவி யாரிடம், வங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது, வெளியில் இருந்து அழைப்பவர்களுக்கு யாருடைய எண் போகிறது, வாட்ஸ்அப் குழுவில் யாரைச் சேர்க்கலாம் நீக்கலாம் என்பது யார் கையில் என்று பாருங்கள். நான்கும் ஒரே சட்டைப்பையில் இருந்தால் மற்றப் பேச்செல்லாம் அலங்காரம்.

சாவியில் ஆரம்பியுங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை அடிக்கடி வருபவரிடமும், ஒன்றைப் பக்கத்திலேயே குடியிருப்பவரிடமும், ஒன்றைப் பெண் உறுப்பினர் ஒருவரிடமும் கொடுங்கள். சாவி வாங்கிய நாளும் கையெழுத்தும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். அற்பமாகத் தோன்றும். சாவி கையில் இருக்கும் பெண், அன்று மழை வந்ததால் வகுப்பை அரை மணி முன்னதாக முடிப்பதா என்பதைத் தானே முடிவு செய்வார். சாவி இல்லாதவர் யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுக்கொண்டே இருப்பவரை நாம் 'பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்' என்று குறை சொல்வோம்.

வங்கிக் கணக்கை மூவர் பெயரில் வைத்து, எவரேனும் இருவர் கையெழுத்திட்டால் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். சங்கத்தைப் பதிவு செய்யத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 குறைந்தது ஏழு பேரைக் கேட்கிறது. அந்த ஏழில் ஐந்து பேர் செயலாளரின் மைத்துனரும் மாமாவுமாக இருக்கும் சங்கங்களை எல்லோரும் பார்த்திருப்போம். கையெழுத்திடும் இருவராவது வேறு வேறு வீட்டுக்காரர்களாக இருக்கட்டும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இந்தப் பழக்கம் ஓரளவு வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முறையில் 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு. அதில் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். பணம் எண்ணுவது எல்லோர் கண்ணெதிரிலும். உங்கள் சங்கத்தில் கணக்கு எழுதத் தெரியவில்லை என்று யாராவது தயங்கினால், பக்கத்துத் தெருக் குழுவின் நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பல பதிவு பெற்ற சங்கங்களின் கணக்கைவிட அது ஒழுங்காக இருக்கும்.

எல்லாம் ஒரே பெயரில் தொங்கக் கூடாது என்பதற்குப் பெரம்பூர் வரலாறே போதும். 1918 ஏப்ரல் 27-இல் அங்கே தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படுவது. தலைவர் பி.பி. வாடியா. ஆலைத் தொழிலாளர்களின் குறைகளை நாள்தோறும் கேட்டு, அவரை அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். உடன் நின்றவர் திரு.வி.க. 1920-இல் ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலக வேண்டும் என்பது சமரசத்தின் நிபந்தனையாயிற்று. எதிராளி எப்போதும் பெரிய பெயரைத்தான் குறிவைப்பான். வாடியா போன பிறகும் சங்கம் கலையவில்லை, ஏனென்றால் சங்கத்தைத் தாங்கியவர் அவர் ஒருவரே அல்ல. அந்த வழக்கு எழுப்பிய அச்சம்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கான காரணங்களில் ஒன்று.

அதே வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆலைத் தொழிலாளர்கள் சாதி வழியில் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. காரணங்கள் பல, அரசின் கை உட்பட. சங்கம் நடத்துபவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: நம் பொறுப்பாளர் பட்டியலில் எந்தத் தெரு இல்லை? பட்டியலில் இல்லாத தெரு நெருக்கடியில் உங்களோடு நிற்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

கூட்டம் நடத்துவது

நேரம்தான் பாதிப் பிரச்சினை. துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பணியாளர்கள், விடியற்காலையில் மீன் வாங்கப் போகும் பெண்கள் எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு மாதம் ஞாயிறு மாலை, அடுத்த மாதம் வேலை நாள் இரவு என்று மாற்றி மாற்றி வையுங்கள். எப்போதும் ஒரே ஆள் வராமல் போகும்படி வைக்கக் கூடாது. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு 'பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை' என்று எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் உள்ள சங்கமென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்டுப் பொதுக்குழுவை வையுங்கள். கையில் காசு இருக்காது, ஆள் இருப்பார்கள்.

கூட்டத்தை நடத்துபவர் மாதந்தோறும் மாறட்டும். தலைவர் அன்று சாதாரண உறுப்பினராக உட்காரட்டும். நடத்துபவருக்கு மூன்று வேலைகள் மட்டும்: பேச வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அனுப்புவது, பேசாதவரைப் பேசவைப்பது, முடிவானதை உரக்கப் படித்துக் காட்டித் தீர்மான நோட்டில் எழுதவைப்பது.

பேசாதவரைப் பேசவைப்பது எப்படி? தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில் கண்டது. பொங்கல் விளையாட்டு விழாவுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பது பேச்சு. வழக்கமாக முதலில் பேசும் பெரியவர் வீட்டுக்கு 300 என்றால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அன்று கூட்டம் நடத்தியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயர் போடாமல் தொகையை எழுதச் சொன்னார். பிரித்துப் படித்தபோது பாதிச் சீட்டுகளில் 100, சிலவற்றில் 150, ஒன்றில் 'இந்த வருஷம் வேண்டாம், என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை' என்று இருந்தது. யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நூறு போதும் அம்மா, முடியாதவர்களிடம் கேட்க வேண்டாம்" என்றார். வாக்கெடுப்பு இல்லாமலே முடிவு வந்துவிட்டது. பதவியில் குறைந்தவரும் வயதில் இளையவரும் முதலில் பேச வேண்டும் என்ற விதியும் இதே வேலையைச் செய்யும். துண்டுச் சீட்டு இன்னும் நன்றாகச் செய்யும்.

தீர்மான நோட்டில் 'ஏற்பாடு செய்ய முடிவு செய்யப்பட்டது' என்று எழுதாதீர்கள். யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்ற மூன்றும் இல்லாத தீர்மானம் தீர்மானம் அல்ல. எல்லோருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

சண்டை வரும்போது

வரும். தலைமையைப் பகிர்ந்தால் சண்டை கூடும், குறையாது. முன்பு ஒருவர் அடக்கி வைத்திருந்தது வெளியே வரும்.

அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் (1868–1933) இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர். பாஸ்டன் நகரத்துப் பள்ளிக் கட்டடங்களை மாலை நேரத்தில் அக்கம்பக்கத்து மக்களுக்குத் திறந்துவிடப் பாடுபட்டு, அங்கே கற்றதைப் பிறகு நிறுவனங்களுக்குச் சொன்னவர். மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்புக்கு இடம் கேட்டு அலைந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்ற மாட்டார். அவர் சொல்லும் கதை ஒன்று: நூலகத்தின் சிறு அறையில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார், ஃபாலெட் மூடியே இருக்கட்டும் என்றார். அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே மேலே படாமல் இருப்பது. பாதி திறப்பது என்ற பேரத்தில் இருவருமே தோற்றிருப்பார்கள்.

நம் ஊரில் இது மைதானத் தகராறாக வரும். கால்பந்துப் பையன்கள் ஐந்து மணிக்கு மைதானம் வேண்டும் என்பார்கள், படிப்பு மையம் அதே நேரத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வர வேண்டும் என்று நிற்கும். நேரத்தைப் பாதியாக வெட்டுவதற்கு முன், ஏன் ஐந்து மணி என்று இரு பக்கமும் கேளுங்கள். வெளிச்சம் போய்விடும் என்பது ஒரு பக்கம். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். அப்படியானால் விளையாட்டு முடிந்து வரும் பையன்களுக்கு ஏழு மணி வகுப்பு, பெண் பிள்ளைகளுக்கு ஐந்து மணி வகுப்பு. பெண் பிள்ளைகளும் பந்து விளையாட வேண்டும் என்று அங்கேயே யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அது அடுத்த கூட்டத்துக்கு.

அவசரத்தில் ஒரு குரல்

வெள்ளத்தின் நடுவில் கூட்டம் போட முடியாது. விசைப்படகில் படகோட்டியின் சொல்லுக்குக் கடலில் எதிர்ப்பேச்சு இல்லை, கரைக்கு வந்து மீனைக் கொட்டியபின் ஏலம் விடுபவரின் குரல்தான் எடுபடும். யார் எங்கே தலைவர் என்பது முன்பே தெரிந்திருப்பதால்தான் அங்கே வாக்குவாதம் இல்லை. ஃபாலெட்டும் இதைத்தான் சொன்னார்: ஆணையை ஆள் இடுவதில்லை, நிலைமை இடுகிறது, நிலைமையைப் புரிந்தவர் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்து வந்ததே, அப்போது எந்த வாய்க்கால் எங்கே சேரும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவர்கள் முகத்துவார மீனவர்கள். கோப்பு வைத்திருப்பவரைவிடக் கழிமுகம் தெரிந்தவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம் இருக்க வேண்டும்.

ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, செப்டம்பர் கூட்டத்தில், எழுதி வையுங்கள்: வெள்ளம் வந்தால் பொறுப்பு யாருக்கு, அவர் இல்லையென்றால் யாருக்கு, எவ்வளவு பணம் வரை கேட்காமல் எடுக்கலாம். கூடவே அந்த அதிகாரம் எப்போது முடிகிறது என்றும் எழுதுங்கள். தண்ணீர் வடிந்து ஏழாம் நாள் கணக்கை வைத்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். முடியும் தேதி இல்லாத அவசர அதிகாரம் அடுத்த பொங்கல் வரை நீளும்.

நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் இசைக்குழுவுக்கு நடத்துநரே கிடையாது. ஆனால் ஒவ்வொரு இசைப்படைப்புக்கும் அதை வழிநடத்தச் சிலர் முன்னிற்பார்கள். அடுத்த படைப்புக்கு வேறு சிலர். தலைவரே இல்லை என்று மார்தட்டும் நம் சில நண்பர் குழுக்கள் இதைக் கவனிக்கலாம். 1970-களில் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் ஜோ ஃப்ரீமன் எச்சரித்ததும் அதுதான்: அமைப்பே இல்லை என்று சொல்லும் குழுவில் தலைமை ஒளிந்துகொள்ளும், ஒளிந்திருப்பவரிடம் கணக்குக் கேட்க முடியாது. பெயர்ப்பலகைச் செயலாளரையாவது தேர்தலில் மாற்றலாம். டீக்கடையில் முடிவெடுக்கும் நான்கு நண்பர்களை எப்படி மாற்றுவது?

பெண்களுக்கு எந்தப் பங்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி (2009) அமையும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். இருந்தும் பல இடங்களில் அம்மாக்களின் வேலை கையெழுத்து வரை வந்து நின்றுவிடுகிறது. சங்கங்களில் தேநீர், கோலம், வருகைப் பதிவு, வரவேற்புரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து, 500 ரூபாய்க்கு மேல் செலவு செய்யும் உரிமை எத்தனை பெண்களிடம் இருக்கிறது என்று எண்ணுங்கள். தலையை எண்ணுவதைவிட இது உண்மையைச் சொல்லும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

எல்லாப் பொறுப்பாளர்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி. புதியவர் வந்தபின் பழையவர் இரண்டு மாதம் கூட இருக்கட்டும். முதல் மாதம் பழையவர் செய்யப் புதியவர் பார்க்கட்டும், இரண்டாம் மாதம் புதியவர் செய்யப் பழையவர் வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும். இரண்டாவதுதான் கடினம். சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கு இன்னும் கடினம். அவர்களுக்கு 'ஆலோசகர்' என்று ஒரு நாற்காலி போட்டு, கூட்டத்தில் கடைசியாகப் பேசும் உரிமையைக் கொடுங்கள். கையெழுத்திடும் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

ஒப்படைக்கும்போது கைமாற வேண்டியவை: தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, ரசீதுக் கட்டு, பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சாவி, மின்னஞ்சலின் கடவுச்சொல், நன்கொடையாளர்களின் எண்கள், வீட்டு உரிமையாளரிடம் கொடுத்த முன்பணத்தின் ரசீது. கடைசியாகச் சொன்னதை இன்றைக்கே தேடிப் பாருங்கள். இடத்தைக் காலி செய்யும் நாளில் தேடினால் கிடைக்காது.